எட்வேட் என்னும் பெயர்: சொற்பொருளும் சமூக வரலாறும்

மக்கட் பெயர்கள் பற்றிய ஆய்வு பெரும்பாலும் அகராதியோடு நின்றுவிடுகின்றது. ஒரு பெயர் எம்மொழிக்குரியது, அதன் உறுப்புக்கள் யாவை, அவற்றின் பொருள் யாது என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை கண்டதும் ஆய்வு முற்றுப்பெற்றதாகக் கொள்ளும் வழக்கம் உண்டு. ஆயின், ஒரு பெயர் ஒரு காலத்தில் ஏன் பெருவழக்காயிற்று, பிறிதொரு காலத்தில் ஏன் அருகியது, யார் அதனை விரும்பி இட்டனர், யார் அதனைக் கூச்சத்தோடு கைவிட்டனர் என்பன சொற்பிறப்பியல் மட்டும் தனித்து விடை கூறக்கூடிய வினாக்கள் அல்ல. அவை சமூக வரலாற்றுக்குரிய வினாக்கள். இவ்வேறுபாட்டினை ஓர் எடுத்துக்காட்டின் மூலம் தெளிவுபடுத்தும் பொருட்டு 'எட்வேட்' என்னும் ஆங்கிலப் பெயரை இங்கு ஆய்வுக்கு எடுத்துக்கொள்கின்றோம்.

இத்தேர்வுக்குக் காரணம் உண்டு. ஆங்கிலப் பெயர்கள் என நாம் பொதுவாகக் கருதுவனவற்றுட் பல ஆங்கில மொழியிற் பிறந்தவையல்ல. ஜோன், தோமஸ், மேரி, எலிசபெத் முதலியன விவிலிய வழியாக வந்தவை. வில்லியம், றொபேட், றிச்சாட், ஹென்றி முதலியன நோர்மானியரோடு வந்தவை. ஆங்கிலத்தின் மிகப் பழைய நிலையிலே தோன்றி, மத்திய காலம் முழுவதிலும் முற்றாக மறையாது வழங்கி, இன்றும் பரவலாக உள்ள ஆண்பாற் பெயர்கள் மிகச் சிலவே. அவற்றுள் முதன்மையானது எட்வேட். எனவே இதனைத் தூய ஆங்கிலப் பெயரெனப் பெருமையுடன் சுட்டுவோர் உளர். பிறப்பைக் கொண்டு நோக்கின் அது சரியே. ஆனால் அப்பெயர் பிழைத்திருந்த வரலாறு தூய்மையின் வரலாறு அன்று. ஆங்கிலரை வென்றோரின் வழித்தோன்றல்களே, பிரெஞ்சு மொழி பேசிய ஓர் அரசவையிலே, தம் தேவை கருதி அதனைக் காத்தனர் என்பதே இக்கட்டுரையில் நாம் காட்ட விழைவது.

1. சொல்லும் பொருளும்

பழைய ஆங்கிலத்தில் இப்பெயர் 'ஏயட்வெயர்ட்' என வழங்கியது. இஃது இரு சொற்களின் சேர்க்கை. 'ஏயட்' என்பது செல்வம், வளம், நற்பேறு எனப் பொருள்படும். 'வெயர்ட்' என்பது காப்போன், காவலன் எனப் பொருள்படும். ஆகவே 'செல்வங் காப்போன்' என அகராதிகள் பொருள் தரும்.

இவ்விரு சொற்களும் தனித்தனியே நோக்கத்தக்கவை. முதற்சொல்லிலிருந்து பிறந்த 'ஏயடிக்' என்னும் பெயரடை, செல்வமுடைய என்ற பொருளோடு பேறுபெற்ற என்ற பொருளையும் தந்தது. நற்செய்தி நூல்கள் பழைய ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கப்பட்டபோது, உளத்தில் எளியோரைப் பேறுபெற்றோர் எனக் கூறும் மலைப்பொழிவுப் பகுதியில் இலத்தீன் சொல்லுக்கு நேராக ஆளப்பட்டது இச்சொல்லே. செல்வத்தைக் குறித்த சொல்லே எளியோரின் பேற்றையும் குறிக்க நேர்ந்தது. செல்வமும் தெய்வ அருளும் ஒன்றெனக் கருதிய சமூகத்தின் மனப்பாங்கு அச்சொல்லிற் படிந்து கிடக்கின்றது.

இரண்டாம் சொல்லின் உறவுகள் இன்னும் தெளிவானவை. இன்றைய ஆங்கிலத்திற் பிரபுவைக் குறிக்கும் 'லோட்' என்னும் சொல் பழைய ஆங்கிலத்தில் 'ஹ்லாவ்வெயர்ட்' என இருந்தது. அதன் பொருள் 'அப்பங் காப்போன்' என்பதாகும். பெருமாட்டியைக் குறிக்கும் 'லேடி' என்பது அப்பத்துக்கு மாப் பிசைபவள் எனப் பொருள்பட்ட சொல்லின் வழிவந்தது. வீட்டைக் காப்போன் என்னும் பொருளிற் பிறந்த சொல்லே 'ஸ்ருவாட்' எனத் திரிந்து, பின்னர் ஓர் அரசகுலத்தின் பெயராகவும் ஆயிற்று. உணவும் வீடும் செல்வமும் யார் காவலில் இருந்தனவோ அவர்களே தலைமை எய்தினர் என்பதற்கு இச்சொற்கள் சான்று. 'எட்வேட்' இச்சொற்குடும்பத்தைச் சேர்ந்தது.

எனினும் இங்கு ஓர் எச்சரிக்கை வேண்டற்பாலது. பழைய ஆங்கிலர் பெயரிட்ட முறை, முழுத்தொடரின் பொருளைக் கருதிய முறை அன்று. அவர்களிடையே பெயருறுப்புக்களாக வழங்கிய குறிப்பிட்ட சில சொற்கள் இருந்தன. அவற்றுள் இரண்டினை இணைத்துப் பெயர் ஆக்கினர். 'விக்ஃபிரித்' என்றொரு பெயர் உண்டு. அதன் உறுப்புக்கள் 'போர்', 'சமாதானம்' என்பன. 'பிரிதுவுல்வ்' என்பதன் உறுப்புக்கள் 'சமாதானம்', 'ஓநாய்' என்பன. இவற்றுக்கு முழுத்தொடர்ப் பொருள் காண முயல்வது வீண். பெற்றோரின் பெயருறுப்புக்களைப் பிள்ளையின் பெயரில் இணைத்து உறவைக் காட்டுவதே நோக்கமாயிருந்தது. 1095இல் இறந்த வூஸ்ரர் ஆயர் வுல்வ்ஸ்ரானின் தந்தை பெயர் எதெல்ஸ்ரான். தாய் பெயர் வுல்வ்கிவு. தாயின் பெயரில் முதலுறுப்பும் தந்தையின் பெயரில் ஈற்றுறுப்பும் இணைந்து மகனின் பெயராயின. ஆகவே, 'செல்வங் காப்போன்' என்பது எட்வேட் என்னும் பெயரின் சொற்பொருள் மட்டுமே. அப்பெயரின் சமூகப் பொருளை வேறிடத்தில் தேடல் வேண்டும்.

2. அரச குலத்தின் அடையாளம்

வெசெக்ஸ் அரசனான அல்பிரட் 899இல் இறந்தபின் அவன் மகன் எட்வேட் ஆட்சிக்கு வந்தான். அவனை 'மூத்த எட்வேட்' என்பர். அல்பிரட்டின் தமையன்மார் எதெல்போல்ட், எதெல்பேர்ட், எதெல்றெட் என உயர்குடிப் பிறப்பைக் குறிக்கும் 'எதெல்' என்னும் உறுப்பால் தொடங்கும் பெயர் பூண்டவர்கள். மூத்த எட்வேட்டின் பின்னரோ 'ஏயட்' என்னும் உறுப்பு அக்குலத்தின் அடையாளம் போலாயிற்று. எட்மண்ட், எட்றெட், எட்விக், எட்கார், மீண்டும் ஓர் எட்வேட் என அரசர் நிரை நீண்டது. 899 முதல் 978 வரை ஆண்டோராகப் பொதுவாகக் கணக்கிடப்படும் எழுவருள், எதெல்ஸ்ரான் ஒருவனைத் தவிர்ந்த அறுவரும் இவ்வுறுப்பினைத் தம் பெயரிற் கொண்டிருந்தனர். வெசெக்ஸ் என்னும் சிற்றரசு இங்கிலாந்து என்னும் பேரரசாக விரிந்த காலமும் இதுவே. குலப்பெயர் இல்லாத ஒரு சமூகத்தில், ஆளுங் குலத்தைப் பிறரினின்றும் பிரித்துக் காட்டும் பணியை இப்பெயருறுப்பு ஆற்றியது.

அந்நிரையின் இறுதி எட்வேட் 978இற் கோர்வ் என்னுமிடத்திற் கொலையுண்டு, 'மறைசாட்சி எட்வேட்' எனப் பெயர் பெற்றான். அவனுடைய மாற்றாந்தாய்க்குப் பிறந்த தம்பி எதெல்றெட்டுக்கும் நோர்மண்டி இளவரசி எம்மாவுக்கும் பிறந்தவனே பின்னர் 'விசுவாச அறிக்கையாளன்' எனப் போற்றப்பட்ட எட்வேட். டேனியரின் ஆட்சிக் காலத்தில் அவன் ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள் தன் தாயின் பிறந்தகமான நோர்மண்டியில் அகதியாக வாழ்ந்தான். 1042இல் அரசனானான். மகவின்றி 1066 ஜனவரி 5ஆந் திகதி இறந்தான். அதே ஆண்டு ஒக்ரோபர் 14ஆந் திகதி ஹேஸ்ரிங்ஸ் போரில் ஹரோல்ட் மன்னன் வீழ, நோர்மண்டிக் கோமகன் வில்லியம் நாட்டைக் கைப்பற்றினான்.

3. பெயர்கள் நாணத்துக்குரியனவாதல்

நோர்மானியர் வெற்றி நிலவுடைமையில் ஏற்படுத்திய மாற்றம் பெரிது. 1086இல் தொகுக்கப்பட்ட டூம்ஸ்டே நிலப்பதிவேட்டை நோக்குமிடத்து, அரசனிடமிருந்து நேரடியாகப் பெருநிலம் பெற்றிருந்தோருள் ஆங்கிலர் விரல்விட்டு எண்ணத்தக்கவராகவே உள்ளனர். நிலம் கைமாறியது, அதனையடுத்துப் பெயர்களும் மாறின.

இம்மாற்றத்தை எவரும் ஆணையிட்டு நிகழ்த்தவில்லை என்பது கருதத்தக்கது. ஆங்கிலப் பெயரைத் தடைசெய்யும் சட்டம் எதுவும் தேவைப்படவில்லை. ஏளனமே போதுமானதாயிருந்தது. வரலாற்றாசிரியர் ஓடெறிக் 1075இற் பிரெஞ்சுத் தந்தைக்கும் ஆங்கிலத் தாய்க்கும் இங்கிலாந்திற் பிறந்தவர். பத்து வயதில் நோர்மண்டியிலுள்ள துறவிமடத்துக்கு அனுப்பப்பட்டார். அவருடைய பெயர் அங்குள்ளோர் செவிக்குக் கரடுமுரடாக ஒலித்தமையால் 'விற்றாலிஸ்' என்னும் வேறு பெயர் இடப்பட்டது. விற்பியில் ரோஸ்ரி என்னும் பெயருடன் பிறந்த ஒருவர், தோழர்களின் நகைப்புக்கு அஞ்சித் தம் பெயரை வில்லியம் என மாற்றிக்கொண்டார். துறவு பூண்டபின் பாத்தலோமியு ஆனார்.

அரசியே ஆயினும் இதற்கு விலக்கில்லை. முதலாம் ஹென்றி 1100இல் மணந்தவள் பழைய ஆங்கில அரச குலத்தில் வந்த எடித். அவள் பெயரின் முதலுறுப்பும் 'ஏயட்' என்பதே. அரசியானதும் அவள் மெற்றில்டா என்னும் நோர்மானியப் பெயரை ஏற்றாள். அவ்வாறு ஏற்றும் பிரபுக்களின் ஏளனம் ஓயவில்லை. அரசனையும் அரசியையும் கொட்றிக், கொட்கிவா என்னும் ஆங்கில நாட்டுப்புறப் பெயர்களால் அவர்கள் கேலி செய்தனர் என மாம்ஸ்பெரி வில்லியம் குறிப்பிடுகின்றார்.

நோர்மானியரின் வில்லியம், றொபேட் முதலிய பெயர்களும் ஜேர்மானிய மொழியினத்தைச் சேர்ந்தவையே. வில்லியம் என்பது 'விருப்பம்', 'தலைக்கவசம்' என்னும் இரு சொற்களின் சேர்க்கை. எட்வேட் அமைந்த அதே முறையில் அமைந்தது. எனவே இரு வகைப் பெயர்களுக்கும் இடையே இருந்த வேறுபாடு இனத்தின் வேறுபாடோ ஒலியின் வேறுபாடோ அன்று. ஒரு வகை நிலமுடையோரின் பெயர். மற்றது நிலமிழந்தோரின் பெயர். வென்றோரின் செவிக்குத் தோற்றோரின் பெயர் கரடுமுரடாக ஒலித்ததன் காரணம் இதுவே.

மேலோரிடம் தொடங்கிய இம்மாற்றம் சில தலைமுறைகளில் உழவர் குடில்களையும் எட்டியது. ஞானப்பெற்றோரின் பெயரையே குழந்தைக்கு இடும் வழக்கம் மத்திய காலத்திற் பரவியிருந்தது. ஞானப்பெற்றோராகத் தம்மினும் உயர்ந்தாரை நாடுவது இயல்பாகலின், உயர்ந்தோரின் பெயர்கள் கீழிறங்கின. பெண்களின் பெயர்கள் ஆண்களின் பெயர்களிலும் மெதுவாகவே மாறின என்பதைச் செசிலி கிளார்க் 1978இல் வெளியிட்ட ஆய்வு காட்டுகின்றது. வெற்றியாளரோடு வந்து குடியேறிய பெண்கள் குறைவாயிருந்தமை இதற்கு விளக்கமாகக் கூறப்படுகின்றது. எவ்வாறாயினும் 14ஆம் நூற்றாண்டில் ஆங்கில ஆண்களிற் பெரும்பாலோர் ஜோன், வில்லியம், றொபேட், றிச்சாட், தோமஸ் என்னும் சில பெயர்களுள் அடங்கிவிட்டனர். பழைய பெயர்களுட் சில, எட்றிச், கொட்வின் போன்ற குடும்பப் பெயர்களில் மட்டும் எஞ்சின.

4. வென்றோருக்கு வேண்டியிருந்த பெயர்

இப்பெருமறைவின் நடுவில் எட்வேட் மட்டும் ஏன் எஞ்சிற்று? அப்பெயரின் இனிமையோ பொருளோ அதற்குக் காரணமன்று. எட்றெட்டும் எட்விக்கும் அதே முதலுறுப்பைக் கொண்டிருந்தும் மறைந்துபோயின. விடை வில்லியத்தின் உரிமைக் கோரிக்கையில் உள்ளது.

தான் ஒரு கொள்ளைக்காரன் அல்லன், எட்வேட் மன்னனின் முறையான வாரிசே என வில்லியம் கூறிக்கொண்டான். அக்கூற்று நிலைபெற வேண்டுமாயின் எட்வேட்டின் பெயர் மதிப்புக்குரியதாக நிலைத்தல் வேண்டும். டூம்ஸ்டே பதிவேடு இதனைத் தெளிவாகக் காட்டும். ஒவ்வொரு நிலத்தைப் பற்றியும் 'எட்வேட் மன்னன் காலத்தில்' அதனை யார் வைத்திருந்தனர், அதன் பெறுமதி யாது, இப்போது யாரிடம் உள்ளது என்பதே அதிற் கேட்கப்படும் வினா. இடையில் ஆண்ட ஹரோல்டின் ஆட்சி ஆட்சியாகவே கொள்ளப்படவில்லை. ஒரு சமூகத்தின் நிலம் முழுவதையும் பறித்தோர், பறிப்பைச் சட்டபூர்வமாக்கும் அளவுகோலாக ஏற்றுக்கொண்ட பெயர் எட்வேட். 'செல்வங் காப்போன்' என்னும் சொற்பொருளுக்கு இதனினும் கசப்பான உரை வேறில்லை.

அடுத்த கட்டம் சமயத்தின் வழி நிகழ்ந்தது. இரண்டாம் ஹென்றியின் ஆட்சியில், 1161இல், பாப்பரசர் மூன்றாம் அலெக்சாந்தர் எட்வேட்டைப் புனிதராக அறிவித்தார். வென்ற குலம் தன் முன்னோரென ஒரு புனிதரைப் பெற்றது. எனினும் அதன் பின்னரும் முக்காற் நூற்றாண்டுக்கு மேலாக அரசகுலக் குழந்தைகளுக்கு இப்பெயரை இடும் வழக்கம் தோன்றவில்லை. அதனைத் தொடக்கியவன் மூன்றாம் ஹென்றி. எட்வேட்டைத் தன் காவற் புனிதராகக் கொண்ட அவன், 1239இற் பிறந்த தன் மூத்த மகனுக்கு எட்வேட் எனப் பெயரிட்டான். அடுத்த மகனுக்கு மற்றுமோர் ஆங்கிலப் புனித மன்னனின் பெயரான எட்மண்ட் என்பதை இட்டான். 1245 முதல் வெஸ்ட்மின்ஸ்ரர் ஆலயத்தைப் புதிதாகக் கட்டுவித்து, 1269இற் புனிதரின் எச்சங்களை அங்கு நிறுவினான். ஹென்றியின் அரசவை மொழி பிரெஞ்சு. அவனுடைய அரசி பிரான்சின் தென்பகுதியான புறொவென்சைச் சேர்ந்தவள். ஆங்கில மொழியின்பாற் கொண்ட பற்றினால் அவன் இப்பெயரைத் தெரியவில்லை என்பது வெளிப்படை.

இவ்வாறு பெயர்பெற்ற மகனே 1272இல் அரசனான முதலாம் எட்வேட். அவனை 'முதலாம்' எனக் குறிப்பதே சிந்திக்கற்பாலது. அவனுக்கு முன் மூன்று எட்வேட்டுகள் ஆண்டிருந்தனர். ஆனால் எண்ணிக்கை 1066இலிருந்து தொடங்குகின்றது. அவன் பேரனின் காலத்தில் 'வெற்றிக்குப் பின் மூன்றாம் எட்வேட்' எனக் குறிக்கும் வழக்கு ஏற்பட்டது. ஆங்கில அரசரின் பெயரை எடுத்துக்கொண்டவர்கள் அப்பெயருடைய ஆங்கில அரசரை எண்ணிக்கையில் விடுத்தனர். பெயர் தோற்றோருடையது, எண் வென்றோருடையது.

இப்பெயர் நிலைபெற்றதில் தற்செயலுக்கும் பங்குண்டு. முதலாம் எட்வேட் காஸ்ரீல் இளவரசியை மணந்தவன். அவன் 1284இல் இறந்த தன் மகனுக்கு மனைவியின் குலப் பெயரான அல்பொன்சோ என்பதை இட்டிருந்தான். ஜோன், ஹென்றி என்னும் மூத்த மைந்தர் இருவர் முன்னரே இறந்துவிட்டமையால் அல்பொன்சோவே முடிக்குரியவனாக இருந்தான். பத்து வயதில் அவன் இறந்திராவிடின் இங்கிலாந்து ஓர் அல்பொன்சோ மன்னனைப் பெற்றிருக்கும். அதே ஆண்டு பிறந்த தம்பி, இரண்டாம் எட்வேட்டாக முடிசூடினான். அவன் மகன் மூன்றாம் எட்வேட். 1272 முதல் 1377 வரை நூறாண்டுக்கு மேலாகத் தொடர்ந்து மூன்று எட்வேட்டுகள் ஆண்டமையால் பெயர் வேரூன்றியது.

இவர்கள் மொழியைக் கையாண்ட விதமும் பெயரைக் கையாண்ட விதத்தை ஒத்தது. 1295இற் பிரான்சோடு போர் மூண்டிருந்த வேளையில், பிரெஞ்சு மன்னன் ஆங்கில மொழியையே உலகினின்றும் அழித்துவிட எண்ணுகின்றான் என முதலாம் எட்வேட் பாராளுமன்றத்துக்கு விடுத்த அழைப்பாணையில் எச்சரித்தான். அவ்வாணை எழுதப்பட்டது இலத்தீனில். 1362இல், நீதிமன்றங்களில் வழக்குரைக்கும் மொழி ஆங்கிலமாதல் வேண்டும் என மூன்றாம் எட்வேட்டின் ஆட்சியிற் சட்டம் இயற்றப்பட்டது. அச்சட்டம் எழுதப்பட்டது பிரெஞ்சில். மக்களின் மொழி, மக்களின் புனிதர், மக்களின் பெயர் ஆகியன, வரியும் படையும் வேண்டியபோது ஆள்வோரால் நினைவுகூரப்பட்டன. இதனால் அவை பயனற்றன என்பது எமது கருத்தன்று. அச்சட்டம் ஆங்கிலத்துக்கு ஓர் ஆதாரமாயிற்று. ஆள்வோர் தம் நலன் கருதிச் செய்பவை சில வேளைகளில் அவர்தம் நோக்கத்தையும் கடந்து பயன்படுவதுண்டு.

5. கடல் கடந்தும் தெருவிலும்

அரசகுல மணவுறவுகள் இப்பெயரைப் பிற நாடுகளுக்கும் கொண்டு சென்றன. மூன்றாம் எட்வேட்டின் பேர்த்தி பிலிப்பா போர்த்துக்கல் அரசியானாள். அவளுடைய மகன் தன் பாட்டனின் தந்தை பெயரைப் பெற்று, டுவார்ட்டே மன்னனாக 1433 முதல் 1438 வரை ஆண்டான். எட்வேட் என்பதன் போர்த்துக்கேய வடிவமே டுவார்ட்டே. இந்து சமுத்திரக் கரையோர நாடுகளையும் இலங்கையையும் பற்றி 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய டுவார்ட்டே பார்போசா இப்பெயரினன். ஏழாம் எட்வேட்டின் தலை பொறித்த சதங்கள் இலங்கையிற் புழங்குவதற்கு ஏறத்தாழ நானூறு ஆண்டுகளின் முன்னரே இப்பெயர் வேற்றுருவில் எமது கடற்பரப்பை எட்டியிருந்தது.

அந்த ஏழாம் எட்வேட்டும் தன் இயற்பெயரால் ஆண்டவனல்லன். அல்பேட் எட்வேட் என்பது அவன் முழுப்பெயர். 1901இல் ஆட்சிக்கு வந்தபோது, தந்தையின் ஜேர்மன் தொடர்பை நினைவூட்டிய அல்பேட் என்பதை விடுத்து எட்வேட் என்பதைத் தெரிந்துகொண்டான். மூன்றாம் ஹென்றி செய்ததை இன்னொரு வெளிநாட்டு வழி அரசகுலம் அறுநூறு ஆண்டுகளின் பின் மீண்டும் செய்தது.

ஆனால் ஒரு பெயர் கீழிறங்கியபின் அதனை இட்டவரின் ஆளுகைக்குள் அது நிற்பதில்லை. மக்களின் பேச்சு வழக்கில் எட்வேட் 'எட்' எனக் குறுகியது. 'என்' எனப் பொருள்படும் அக்காலச் சொல்லின் ஈற்று னகரம் பெயரோடு ஒட்டிப் பிழைபடப் பிரிக்கப்பட்டமையால் 'நெட்' என்னும் வடிவம் தோன்றியது. என் எட் என அன்போடு விளித்ததே நெட் ஆயிற்று. அரண்மனையிற் பெற்ற பெயரை வீடும் வயலும் இவ்வாறு தமதாக்கின.

1811இல் நொற்றிங்காம்சயர்ப் பகுதியிற் காலுறை நெய்யும் தொழிலாளர் கூலிக் குறைப்பையும் தரக்கேட்டையும் எதிர்த்து, தம் வாழ்வைக் கெடுத்த நெசவுச் சட்டகங்களை உடைக்கத் தொடங்கினர். முதலாளிமாருக்கு அவர்கள் அனுப்பிய கடிதங்கள் நெட் லட் என்னும் கற்பனைத் தலைவனின் பெயரிற் கைச்சாத்திடப்பட்டன. சில கடிதங்களில் அவன் தளபதி, சிலவற்றில் அரசன். 1812இற் சட்டகம் உடைத்தலுக்கு மரண தண்டனை விதிக்கும் சட்டம் இயற்றப்பட்டது. 1813 ஜனவரியில் யோர்க் நகரிற் பதினேழு பேர் தூக்கிலிடப்பட்டனர். செல்வத்தின் காவலனைக் குறித்துப் பிறந்த பெயர், செல்வத்தின் காவலரால் வேட்டையாடப்பட்ட தலைவனின் பெயராயிற்று. ஒருபோதும் வாழ்ந்திராத இந்த அரசனுக்கு எண் எதுவும் இடப்படவில்லை.

அத்தொழிலாளரை மூடக் கும்பலெனக் கருதிய வரலாற்றுப் பார்வையை மறுத்து, அவர்தம் செயலின் நியாயத்தை விரிவாக ஆராய்ந்த நூல் 'ஆங்கிலத் தொழிலாள வர்க்கத்தின் உருவாக்கம்'. 1963இல் வெளிவந்த அந்நூலின் ஆசிரியர் எட்வேட் பாமர் தொம்சன். அவருடைய பெயர்ப் பொருத்தம் தற்செயலானதே. எனினும் இப்பெயர் யாருக்கும் நிலையான உடைமையாக இருந்ததில்லை என்பதற்கு அதுவும் ஒரு நினைவூட்டல்.

6. முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின் மூன்று உண்மைகள் புலனாகும். முதலாவதாக, பெயரின் சொற்பொருள் அதன் வாழ்வைத் தீர்மானிப்பதில்லை. இரண்டாவதாக, பெயர்கள் மறைவதும் நிலைப்பதும் சமூகத்தில் நிலமும் அதிகாரமும் எவர் கையில் உள்ளன என்பதோடு தொடர்புடையன. ஆணையிலும் ஏளனம் வலிமையுடையதாயிருக்கலாம். மூன்றாவதாக, தொன்மையின் சின்னமாக இன்று போற்றப்படுவது, ஒரு காலத்தில் ஆள்வோர் தம் உரிமையை நாட்டுவதற்குத் தெரிந்தெடுத்துக் காத்தமையால் எஞ்சியதாக இருக்கலாம். காக்கப்படாது மறைந்த கொட்றிக்கும் கொட்கிவாவும் தொன்மையில் அதற்கு எவ்வகையிலும் குறைந்தவையல்ல.

எமது நாட்டு மக்கட் பெயர்களையும் ஊர்ப்பெயர்களையும் ஆராய்வோர் வேர்ச்சொல் காண்பதில் ஊக்கம் மிக்கவராய் உள்ளனர். அம்முயற்சி வேண்டியதே. அதனோடு, எஞ்சியவற்றை எஞ்சச் செய்தோர் யார், மறைந்தவற்றைச் சுமந்திருந்தோர் யார் என்னும் வினாக்களையும் அவர்கள் எழுப்புவராயின், பெயராய்வு மொழியின் வரலாறாக மட்டுமன்றி அம்மொழியைப் பேசிய மக்களின் வரலாறாகவும் அமையும்.